பெட்டிக்கு நான் லினக்ஸ் போட்ட புரட்டாசி

ஓய்வு பெற்ற எட்டாவது மாதத்தில், எங்கள் வீட்டில் ஒழுங்காக வேலை செய்துகொண்டிருந்த ஒரே இயந்திரத்தைச் சரிசெய்துவிடுவது என்று முடிவெடுத்தேன்.

ஒழுங்காக வேலை செய்யாதவை நிறைய இருந்தன. மிக்ஸியை ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டால்தான் சுற்றும். வாஷிங் மெஷின் கடைசிச் சுற்றில் தானாகவே நடந்து குளியலறை வாசல்வரை வந்துவிடும். ராஜா அண்ணாமலைபுரத்தில் நாங்கள் இருக்கும் குடியிருப்பின் லிஃப்ட், இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவில் நின்று சற்று யோசித்துவிட்டுத்தான் மேலே போகும். இவற்றில் ஒன்றை நான் கையில் எடுத்திருந்தால் நாலு பேருக்கு உபயோகமாக இருந்திருக்கும். அதனாலோ என்னவோ எனக்கு அதில் ஆர்வம் வரவில்லை. கூடத்து அலமாரியின் கீழ்த்தட்டில், பதின்மூன்று வருடமாக யாரிடமும் எதுவும் கேட்காமல் ஓடிக்கொண்டிருந்த கறுப்புப் பெட்டியின் மேல்தான் என் கண் விழுந்தது.

பெட்டி பெரிய டிபன் பாக்ஸ் அளவுதான் இருக்கும். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். வீட்டு வைஃபையோடு இணைந்திருக்கும். வீட்டில் யார் எதைச் சேமித்தாலும் அதில் போய் உட்காரும். ஃபோனிலிருந்தோ டாப்லெட்டிலிருந்தோ கேட்டால் எடுத்துக் கொடுக்கும். இரண்டு டிஸ்க் எதற்கென்றால், ஒன்றில் எழுதுவதை அப்படியே மற்றதிலும் எழுதிக்கொள்ளும். ஒன்று போனாலும் இன்னொன்று இருக்கும். வாங்கி வந்த அன்று இதை என் மனைவிக்கு அரை மணி நேரம் விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "அப்போ எதுவும் தொலையாது, அவ்வளவுதானே?" என்றாள். நான் அரை மணி நேரத்தில் சொன்னது அவ்வளவுதான்.

மனைவி பாட்டு டீச்சர். தி. நகரிலிருந்தும் அடையாறிலிருந்தும் அவளிடம் கற்றுக்கொள்ள வருவார்கள். பெரும்பாலும் வேலைக்குப் போகும் பெண்கள், ஐம்பது வயதுக்காரர்களும் உண்டு. செவ்வாய், வெள்ளி மாலை வகுப்பு. இரண்டு வருடங்களுக்கு முன் அவளுக்குத் தொண்டையில் தைராய்டு கட்டி என்று சொல்லி அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். பேச்சுக்கு ஒன்றும் ஆகாது, ஆனால் பாடும் குரல் மாறலாம் என்று டாக்டர் முன்னாலேயே சொல்லிவிட்டார். நாள் குறித்ததற்கும் அறுவை சிகிச்சைக்கும் நடுவில் மூன்று மாதம் இருந்தது. அந்த மூன்று மாதமும் தினமும் காலையில் ஆறு மணிக்குக் கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்து, தனக்குத் தெரிந்த பாட்டையெல்லாம் ஒன்றுவிடாமல் ஒரு சின்ன ரெக்கார்டரில் பாடி வைத்தாள். முந்நூற்றுச் சொச்சம் பாட்டு. எல்லாம் பெட்டிக்குள் போயிற்று.

டாக்டர் சொன்னது பலித்தது. பேச்சு வந்தது. மேல் ஸ்தாயி வரவில்லை. அதற்குப் பிறகு வகுப்பு என்பது டாப்லெட்டைத் தட்டிப் பெட்டியிலிருக்கும் பாட்டைப் போடுவது, அவர்கள் கூடவே பாடுவது, அவள் பேச்சில் திருத்துவது என்று ஆயிற்று. அதாவது என் மனைவியின் குரல் அந்தப் பெட்டிக்குள்தான் இருந்தது. இது எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஸ்க்ரூ டிரைவரை எடுத்தேன்.

ஏன் எடுத்தேன் என்று கேட்டால் என்னிடம் நல்ல பதில் இருக்கிறது. பெட்டியைத் தயாரித்தவர்கள் அதைக் கைகழுவி ஆறேழு வருடம் ஆகிவிட்டது. அதற்குப் புது மென்பொருள் எதுவும் வராது. இணையத்தில் ஒரு கருத்துக்களம் உண்டு. பழைய பெட்டிகளை வைத்துக்கொண்டு அழுபவர்கள் கூடும் இடம். அங்கே உலகத்தின் எந்த மூலையிலோ இருக்கும் ஒரு புண்ணியவான், இதே மாடல் பெட்டியில் லேசான லினக்ஸ் இயங்குதளம் ஒன்றைப் போடுவது எப்படி என்று இருபத்தேழு படிகளில் எழுதி வைத்திருந்தார். அதைப் போட்டால் பெட்டி பத்து வயது குறைந்துவிடுமாம். அறுபது வயதில் இப்படி ஒரு வாசகத்தைப் படிப்பவனுக்கு, குறைவது பெட்டியின் வயது மட்டும்தான் என்று எப்படித் தோன்றும்?

தவிர, நான் வேலை பார்த்த அலுவலகத்தில் கடைசிப் பதினைந்து வருடம் கம்ப்யூட்டர் பிரிவுக்குத் தலைவனாக இருந்தவன். தலைவன் என்றால் கம்ப்யூட்டரைத் தொடாதவன் என்று பொருள். தொடுகிறவர்கள் எனக்குக் கீழே பதினோரு பேர் இருந்தார்கள். நான் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேன். இப்போது பதினோரு பேரும் இல்லாமல் நானே ஒரு காரியத்தை முடித்துக் காட்ட வேண்டும் என்று எட்டு மாதமாகக் கை அரித்துக்கொண்டிருந்தது.

"பரண்லேர்ந்து கொலுப் படிய இறக்கித் தரணும்னு பத்து நாளா சொல்லிண்டிருக்கேன். நீங்க இத எதுக்குப் பிரிச்சுண்டிருக்கேள்?" என்றாள் மனைவி.

"பழசாயிடுத்து. கொஞ்சம் புதுசு பண்றேன்."

"அதுபாட்டுக்கு ஓடிண்டிருக்கே."

"ஓடறது வேற, ஆரோக்கியமா இருக்கறது வேற" என்றேன். பெண்களுக்குத் தொழில்நுட்பம் விளக்கும் ஆண்களின் குரலில் சொன்னேன். அந்தக் குரல் எனக்கு இன்றைக்கும் நன்றாக வருகிறது.

இருபத்தேழு படிகளில் முதல் படியே தடித்த எழுத்தில் இருந்தது: எல்லாவற்றுக்கும் நகல் எடுத்துக்கொள்ளவும். நான் பொறுப்பான ஆள். பெட்டியில்தான் ஒன்றுக்கு இரண்டு டிஸ்க் இருக்கிறதே! ஒன்றை உருவி, பழைய பனியன் துணியில் சுற்றி, பீரோவில் பட்டுப்புடவைகளுக்கு அடியில் வைத்தால் நகல் ஆயிற்று. மற்றதில் லினக்ஸைப் போட்டுவிட்டு, பிறகு பீரோ டிஸ்கிலிருந்து எல்லாவற்றையும் திரும்ப ஏற்றிக்கொள்ளலாம். இந்தத் திட்டத்தை யோசித்து முடித்ததும், என்னை அலுவலகத்தில் இன்னும் இரண்டு வருடம் வைத்துக்கொண்டிருந்தால் அவர்களுக்குத்தான் நல்லது என்று நினைத்தேன்.

கண்ணை மூடிக்கொண்டு செய்யவில்லை. உருவிய டிஸ்கை லேப்டாப்பில் மாட்டித் திறந்து பார்த்தேன். 'க்ளாஸ்' என்ற ஃபோல்டர் இருந்தது. ஒரு கோப்பைத் தட்டினேன். மனைவி பாடினாள். அரை நிமிடம் கேட்டுவிட்டு, சரி, இருக்கிறது என்று மூடினேன். இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். முப்பத்தொரு வருடமாக ஒரு பாட்டு டீச்சரோடு குடித்தனம் நடத்தியும் எனக்கு எந்த ராகமும் பிடிபட்டதில்லை. டிசம்பரில் சபா கேன்டீனுக்கு மட்டும் தவறாமல் போய்வருபவன். அந்த அரை நிமிடத்தில் நான் கேட்டது எந்த வருடத்துக் குரல் என்று கண்டுபிடிக்கும் காது எனக்கு இல்லை.

அடுத்த நாலு நாளும் நான் வாழ்ந்த வாழ்க்கையை நினைத்தால் இப்போதும் பெருமையாகத்தான் இருக்கிறது. பெட்டிக்குள் பச்சைப் பலகையில் நாலு சின்ன ஊசித் துளைகள். அவற்றில் ஒரு வயரைச் சொருகி லேப்டாப்போடு இணைத்தால், பெட்டி தன் மனசுக்குள் என்ன நினைக்கிறது என்பதெல்லாம் எழுத்தாகத் திரையில் வரும். முதல் நாள் ஒன்றும் வரவில்லை. இரண்டாம் நாள் கேள்விக்குறியாக வந்தது. (அது வெள்ளிக்கிழமை; கொலு வேலைக்காக மனைவி முன்னாலேயே வகுப்பை நிறுத்தியிருந்தாள்.) மூன்றாம் நாள் வயரை மாற்றிச் சொருகியிருக்கிறேன் என்று தெரிந்தது. சரியாகச் சொருகியதும் வரிவரியாக இங்கிலீஷ் கொட்டியது. நான் கூடத்தில் தனியாக உட்கார்ந்து கைதட்டினேன். மனைவி சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

நாலாம் நாள் பகல் பதினொரு மணிக்கு லினக்ஸ் என்னைக் கேட்டது: இந்த டிஸ்கில் இருப்பதெல்லாம் அழிந்துபோகும், சம்மதமா? சம்மதம் என்றேன். இன்னொரு தடவை கேட்டது. அரசாங்க அலுவலகத்தில்கூட இவ்வளவு பொறுமையாகக் கேட்க மாட்டார்கள். மறுபடியும் சம்மதம் என்றேன். சாப்பிட்டு எழுந்து வருவதற்குள் முடிந்துவிட்டது. பெட்டி தன் பெயரைச் சொல்லி, வா, உள்ளே வா என்றது. அரை டம்ளர் மெமரியில் குதித்துக்கொண்டு ஓடியது. அன்றைக்கே பரணில் ஏறிக் கொலுப் படிகளையும் இறக்கிக் கொடுத்தேன். அவ்வளவு நல்ல மனநிலையில் இருந்தேன்.

மறுநாள் திங்கட்கிழமை. பீரோ டிஸ்கை எடுத்து வந்து, பெட்டியில் மாட்டி, பழையதையெல்லாம் லினக்ஸ் டிஸ்குக்கு ஏற்றத் தயாரானேன். அதற்கு முன், மனைவியின் அந்த மூன்று மாதப் பாட்டுகளை மட்டும் முதலில் எடுத்து, எவ்வளவு வேகமாக வருகிறது பார் என்று காட்டலாம் என்று தேடினேன். 'க்ளாஸ்' இருந்தது. 'கல்யாணம்' இருந்தது. 'கேஸ் பில்' இருந்தது. மூன்று மாதப் பாட்டு இல்லை. தேதிவாரியாக அடுக்கிப் பார்த்தேன். அந்த டிஸ்கில் கடைசியாக எழுதப்பட்ட கோப்பு நாலு வருடத்துக்கு முந்தையது. அதற்குப் பிறகு இந்த உலகத்தில் எதுவுமே நடக்காததுபோல் இருந்தது.

முதலில் லினக்ஸைச் சந்தேகித்தேன். பிறகு அந்த மூலையில் இருக்கும் புண்ணியவானை. கடைசியில்தான் பெட்டியின் முன்பக்கத்தைப் பார்த்தேன்.

எங்கள் வீட்டில் ஆயுத பூஜைக்குப் பொட்டு வைப்பது என் இலாகா. ஸ்கூட்டர், தையல் மெஷின், மிக்ஸி, அரிவாள்மணை, லேப்டாப் என்று வரிசையாக வைத்துக்கொண்டு போவேன். மற்றவர்கள் ஏனோதானோ என்று ஒரு விரலால் தடவிவிட்டுப் போவார்கள். எனக்கு அது பிடிக்காது. ஒவ்வொன்றுக்கும் நெற்றி எது என்று பார்த்து, சந்தனத்தைக் கனமாகக் குழைத்து வட்டமாக அப்பி, நடுவில் குங்குமம் வைப்பேன். கறுப்புப் பெட்டிக்கு நெற்றி முன்பக்கத்தின் மேல் நடு. வண்டியில் வைத்தால் மழை அலம்பிவிடும். வீட்டுக்குள் இருக்கும் பெட்டியில் அலம்ப யாரும் இல்லை; வைத்த பொட்டைத் துடைப்பது அபசகுனம் என்று வேலைக்காரம்மாவும் தொட மாட்டார். ஒவ்வொரு வருடமும் பழைய பொட்டின் மேலேயே புதுப் பொட்டு. பதின்மூன்று வருடம். சந்தனம் காய்ந்து சுவரில் பூசிய காரைமாதிரி இறுகிக் கிடந்தது.

பழைய டூத் பிரஷ்ஷால் தண்ணீர் தொட்டுத் தேய்த்தேன். அடுக்கடுக்காகப் பெயர்ந்தது. எல்லா அடுக்கும் போன பிறகு, பெட்டியின் நெற்றியில் பக்கத்தில் பக்கத்தில் இரண்டு சின்ன விளக்கு தெரிந்தது. டிஸ்க் ஒன்று, டிஸ்க் இரண்டு. இணையத்தில் அந்த மாடலின் கையேட்டைத் தேடி எடுத்துப் படித்தேன். பதின்மூன்று வருடத்தில் முதல் தடவையாக. பச்சை எரிந்தால் டிஸ்க் நலம். சிவப்பு எரிந்தால் அந்த டிஸ்க் விலகிவிட்டது, பெட்டி மற்றதை மட்டும் வைத்துக்கொண்டு ஓடுகிறது, உடனே கவனிக்கவும்.

ஆக, நாலு வருடமாக அந்தப் பெட்டி சிவப்பு விளக்கை எரியவிட்டு என்னைக் கூப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறது. நான் அதன் மேல் பக்தியோடு குங்குமம் வைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். போதாததற்கு மின்னஞ்சலும் அனுப்பியிருக்கும். அது போக வேண்டிய முகவரியாக நான் கொடுத்து வைத்திருந்தது என் அலுவலக முகவரி. அங்கே எனக்கு வருவதையெல்லாம் படிக்கப் பதினோரு பேர் இருந்தார்கள், ஒருவரும் படிக்கவில்லை. விலகிப்போன டிஸ்கைத்தான் நான் புடவைக்கு அடியில் பத்திரப்படுத்தினேன். நாலு வருடமாகத் தனியாக எல்லாவற்றையும் தாங்கிக்கொண்டிருந்த டிஸ்கைத்தான், இரண்டு தடவை சம்மதம் கேட்டும், அழித்தேன்.

சோபாவில் உட்கார்ந்தேன். உள்ளே அவள் ஃபோனில் யாரிடமோ சுண்டலுக்கு எந்தக் கடையில் கொண்டைக்கடலை நன்றாக இருக்கிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் செவ்வாய். "பெட்டி எப்போ வரும்? இன்னிக்கு க்ளாஸ் இருக்கே" என்று கேட்டாள்.

"ஒரு சின்ன பார்ட் போயிருக்கு. சர்வீசுக்குக் குடுக்கணும்" என்றேன்.

"சரி. தொண்டை சரியில்லன்னு சொல்லிடறேன்" என்று சொல்லி ஃபோனை எடுத்து எல்லோருக்கும் செய்தி அனுப்பினாள். என் பொய்யைக் காப்பாற்ற அவள் எதைச் சொல்ல வேண்டியிருந்தது என்று பார்த்துக்கொண்டே நின்றேன். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். "காபி இருக்கா?" என்று கேட்டேன்.

அடித்துப் பிடித்துக்கொண்டு ஆட்டோவில், கம்ப்யூட்டர் கடைகள் அடைந்து கிடக்கும் ரிச்சி தெருவுக்குப் போனேன். மெட்ரோவுக்குத் தோண்டிப் போட்டிருந்த புண்ணியத்தில் மயிலாப்பூரை விட்டு வெளியே வரவே முக்கால் மணி ஆயிற்று. ஒரு மாடிப்படிக்கு அடியில், செத்த டிஸ்கிலிருந்து கோப்புகளை மீட்டுத் தரும் பாய் ஒருவர் இருப்பதாக ஆட்டோக்காரரே சொன்னார். ஐம்பது வயதிருக்கும், வெள்ளைக் குல்லா, நெற்றியில் உருப்பெருக்கி. என் டிஸ்கை வாங்கித் திருப்பிப் பார்த்தார்.

"இன்னா சார் ஆச்சு? கீழ வுட்டீங்களா?"

"இல்ல. ஃபார்மேட் ஆயிடுச்சு."

"தானாவா?"

"நான்தான் பண்ணேன்."

"அதுக்கு அப்பால இதுல எதுனா எழுதுனீங்களா?"

"லினக்ஸ் போட்டேன்."

பாய் உருப்பெருக்கியை மேலே தள்ளிவிட்டு என்னை ஒரு தடவை முழுசாகப் பார்த்தார். "சார், இங்க வர்றவங்கல்லாம் டிஸ்க்கு பூட்ச்சுன்னு வருவாங்க. நல்லா ஓடிக்கினு இருந்தத நீங்களே வெட்டி எடுத்துக்கினு வந்துகிறீங்க. எதுல வேல பாத்தீங்க?"

"கம்ப்யூட்டர்தான்" என்றேன்.

"அதான் பார்த்தேன்" என்றார். "லினக்ஸு எந்த எடத்துல போய் குந்திச்சோ, அங்க இருந்ததெல்லாம் காலி. மிச்சம் கீது, எடுக்கலாம். ஆனா ஒண்ணு, பேரு வராது சார். பாட்டு வரும். எந்தப் பாட்டு எதுன்னு பேரு இருக்காது, வெறும் நம்பர்தான். யார் பாடுனாங்களோ அவங்களாண்ட போட்டுக் காட்டி எழுதிக்குங்க."

"வேற வழியே இல்லையா?"

"நீங்களே கேட்டு எழுதலாம். ராகம்லாம் தெரியுமா?"

தெரியாது என்று சொல்ல இவ்வளவு கஷ்டமாக எனக்கு என்றைக்குமே இருந்ததில்லை.

நவராத்திரி என்னைக் காப்பாற்றியது. ஒன்பது நாளும் வகுப்பு கிடையாது. வெற்றிலை பாக்கு வாங்க வருகிறவர்களும், வாங்கப் போகிறவர்களுமாக வீடு நிறைந்திருக்கும். பெட்டியைப் பற்றி யோசிக்க அவளுக்கு நேரமில்லை. ஆயுத பூஜை அன்று மட்டும், "சர்வீஸ்லேர்ந்து பெட்டி வரலையா? அதுக்குப் பொட்டு வெக்கணுமே" என்றாள். பார்ட் மட்டும்தான் கடையில் இருக்கிறது என்று சொல்லி, டிஸ்க் இல்லாத வெறும் கூட்டை எடுத்து வந்து பூஜையில் வைத்தேன். சந்தனத்தைத் தொட்டதும் விரல் தானாக நெற்றிப் பக்கம் போனது. இழுத்துக்கொண்டு பக்கவாட்டில் வைத்தேன். "என்ன கன்னத்துல வெக்கறேள்?" என்றாள். இப்போதெல்லாம் இப்படித்தான் என்றேன்.

விஜயதசமிக்கு மறுநாள் பாய் ஃபோன் பண்ணினார். போய் வாங்கி வந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால், கலியாண ஃபோட்டோவும் கேஸ் பில்லும் பாட்டுமாக ஆயிரத்துக்கும் மேல் கோப்பு, எல்லாவற்றுக்கும் எட்டு இலக்க எண். பாட்டை மட்டும் பிரித்தேன். இருநூற்று எழுபத்திரண்டு. அதில் சில நன்றாகப் போய்க்கொண்டிருக்கும்போதே சட்டென்று நின்றுவிட்டன. அந்த இடத்தில்தான் என் லேசான லினக்ஸ் உட்கார்ந்திருக்கிறது. அடுத்த செவ்வாய் வகுப்புக்கு மூன்று நாள் இருந்தது.

மதியம் சாப்பாடு முடிந்து அவள் பாத்திரம் ஒழித்துக் குழாயில் அலசிப் போட்டுக்கொண்டிருந்தபோது சமையலறை வாசலில் நின்று சொன்னேன். பொட்டு, சிவப்பு விளக்கு, புடவைக்கு அடியில் வைத்த டிஸ்க், சம்மதம், பாய் எல்லாவற்றையும் சொன்னேன். விளக்கும் குரல் வரவில்லை. அவள் குழாயை மூடவில்லை. தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்தது.

"எத்தன போச்சு?"

"முப்பது, நாப்பது இருக்கும். மிச்சம் வந்துடுத்து. ஆனா பேர் இல்ல. பாதிப் பாதியா நிக்கறதும் கொஞ்சம் இருக்கு."

"க்ளாஸ் ஃபோல்டர போட்டுப் பாத்தேன்னேளே. அதுல நான் அஞ்சரைக் கட்டைல பாடிண்டிருப்பேன். கட்டி வர ஆரம்பிச்சப்பறம் நாலரைக்கு எறக்கிட்டேன். இதுகூடவா தெரியல உங்களுக்கு?"

"தெரியல."

"முப்பத்தோரு வருஷம்" என்றாள். குழாயை மூடினாள். "அந்தப் பெட்டி பழசாயிடுத்துன்னு உங்ககிட்ட நான் எப்பவாவது சொன்னேனா?"

இல்லை என்று தலையாட்டினேன். அவள் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, "மூணு மணிக்கு உக்காரலாம். நீங்க போடுங்கோ, நான் சொல்றேன், எழுதிக்கோங்கோ" என்றாள்.

மூன்று மணிக்கு அவள் ஜன்னல் ஓரம் உட்கார்ந்தாள். நான் லேப்டாப்போடு எதிரே. முதல் எண்ணைத் தட்டினேன். அறை முழுக்க அவள் குரல் நிறைந்தது. இரண்டு வரிக்குள், "பைரவி, வர்ணம்" என்றாள். எழுதினேன். அடுத்தது. "காம்போதி." அடுத்தது. "இது சாவேரி. வேகமா பாடியிருக்கேன், அன்னிக்கு கேஸ் சிலிண்டர்காரன் வந்துண்டிருந்தான்." முகத்தை ஜன்னல் பக்கமே வைத்துக்கொண்டிருந்தாள். பத்துப் பதினைந்து ஆன பிறகுதான் எனக்கு ஒன்று உறைத்தது. அந்தக் குரல் ஒலிக்கும்போது அவள் அதே அறையில் உட்கார்ந்திருப்பதை நான் இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

வகுப்பு நாளில் அவள் டாப்லெட்டைத் தட்டிவிட்டு உடனே எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். பாட்டு முடியும்போதுதான் திரும்பி வந்து, தப்பைத் திருத்துவாள். இரண்டு வருடமாக, செவ்வாயும் வெள்ளியும், அந்த நேரத்தில் எனக்கு இரண்டாவது காபி கிடைத்துவந்தது. மனைவிக்கு என் மேல் வயதான பிறகு இவ்வளவு கரிசனம் வந்திருக்கிறதே என்று நான் மகிழ்ந்து குடித்துக்கொண்டிருந்தேன். தன் குரலைத் தன்னால் கேட்டுக்கொண்டு உட்கார முடியாமல்தான் எழுந்து போனாள் என்று தெரிந்துகொள்ள, அந்தக் குரலை நான் ஒரு தடவை அழிக்க வேண்டியிருந்தது. எனக்கு அவமானமாக இருந்தது. டிஸ்கை அழித்ததைவிட இது பெரிய அவமானம்.

"நிறுத்திடட்டுமா?" என்றேன்.

"போடுங்கோ" என்றாள்.

நாற்பதாவதோ நாற்பத்தொன்றாவதோ, எண் நினைவில்லை. நிதானமான பாட்டு. அனுபல்லவி முடிந்து குரல் ஒவ்வொரு படியாக மேலே ஏறியது. ஏறி, உச்சிக்கு ஒரு சுரம் கீழே வந்ததும் நின்றுவிட்டது. திரையில் கோப்பு முடிந்தது என்று காட்டியது. நான் குனிந்து, 'பாதியில் நிற்கிறது' என்று எழுத ஆரம்பித்தேன்.

அப்போது விட்ட இடத்திலிருந்து பாட்டு தொடர்ந்தது. ஏதோ தவறாக அமுக்கிவிட்டேன் என்று நினைத்து லேப்டாப்பைப் பார்த்தேன். பிறகு நிமிர்ந்தேன். அவள்தான். கண் ஜன்னலுக்கு வெளியே இருந்தது. தான் பாடுகிறோம் என்று அவளுக்கே தெரிந்ததா என்று தெரியவில்லை. குரல் கரகரவென்று இருந்தது. மேல் ஷட்ஜத்தைத் தொடப் போய், தொட முடியாமல், ஒரு நொடி காற்றாக நின்றது. விடவில்லை. இறங்கி, கீழே வேறு ஒரு வழியாக வளைந்து, அந்த வரியை அது முடிய வேண்டிய இடத்தில் கொண்டுவந்து முடித்தாள். எனக்குச் சங்கீதம் தெரியாது. அது நன்றாக இருந்ததா என்று என்னைக் கேட்டால் சொல்லத் தெரியாது. என் கை விசைப்பலகையின் மேல் அப்படியே நின்றுவிட்டது என்று மட்டும் சொல்ல முடியும்.

கீழே யாரோ ஸ்கூட்டரை உதைத்துக்கொண்டிருந்தார்கள்.

"இந்த மாதிரி பாதில நிக்கறது மொத்தம் எத்தன இருக்கும்?"

"இருவது, இருவத்தஞ்சு இருக்கும். அதெல்லாத்தையும் ஒதுக்கிடறேன். க்ளாசுக்கு உதவாது."

"ஒதுக்க வேண்டாம். தனியா ஒரு ஃபோல்டர்ல போடுங்கோ. செவ்வாக்கெழம க்ளாசுக்கு அதுதான் வேணும்."

"முழுசா இருக்கறதே இருநூறு இருக்கே."

"அதெல்லாம் இருக்கட்டும், பத்திரமா வெச்சுக்கோங்கோ. எனக்கு இதுதான் வேணும். மிச்சத்த நான் பாடிக்கறேன்."

ஃபோல்டரைத் திறந்தேன். கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. "என்ன பேர் வெக்கட்டும்?" என்றேன்.

அவள் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பினாள். "என் பேர் போடுங்கோ" என்றாள்.

போட்டேன். வங்கிப் படிவத்துக்கும் ரேஷன் கார்டுக்கும் வெளியே, என் மனைவியின் பெயரை நான் முழுசாக எழுதியது அதுதான் முதல் தடவை.